என்விடிஏ திரைவாசிப்பானைக் கொண்டு பாடல் தொகுப்பை ஒழுங்குபடுத்துவது: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் கணினியில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ, பாடல் விவரங்களைத் திருத்தும் எம்பி3டேக், பாட்டை ஓட்டும் ஃபூபார்2000 ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளாகக் குவிந்த தமிழ்ப் பாடல் கோப்புகளைத் தேடியதும் கிடைக்கும்படி அடுக்குவது எப்படி என்பதுதான் இங்கே. திரையைப் பார்க்கும் தேவை எந்தப் படியிலும் இல்லை. மூன்று நிரல்களும் இலவசம்.

கேட்டு வேலை செய்பவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காதுக்கு ஒன்றாக ஒலிக்கும் இரண்டு பெயர்கள் கணினிக்கு வேறு வேறு பெயர்களாக இருக்கலாம். புள்ளியோடு ஒரு முறையும் புள்ளியில்லாமல் ஒரு முறையும் எழுதப்பட்ட ஒரே இசையமைப்பாளர், தொகுப்பில் இரண்டு பேராகிவிடுவார். படிகளின் வரிசை இந்தச் சிக்கலை மனதில் வைத்து அமைந்தது. வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும்.

ஒரு குறிப்பு: ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள் ‘டி’ என்றே ஒலிப்பதால், குறுக்குவிசைகளில் அவற்றை டெல்லி-டி, தமிழ்-டி என்று பிரித்துச் சொல்லியிருக்கிறோம். குறுக்குவிசைகளில் ‘பி’ என்று வருவது எங்கும் பென் டிரைவில் வரும் பி.

1. தொடங்கும் முன் தேவையானவை

என்விடிஏ கணினியில் முறையாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து ஓட்டும் நகலில், பேச்சு வரும்போது இசையின் சத்தத்தைத் தானாகக் குறைக்கும் வசதி வேலை செய்யாது.

பாடல்கள் மொத்தமும் கொள்ளும் அளவுக்கு ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் வேண்டும். எதையும் திருத்துவதற்கு முன் எல்லாப் பாடல்களையும் அதில் நகலெடுத்து, கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். எம்பி3டேக்கில் கன்ட்ரோல்+இசட் பின்வாங்கும்தான். ஆனால் நான்கு நாள் கழித்துத் தெரியவரும் தவறுக்கு அது உதவாது.

மடிக்கணினியில் எண்தளம் இல்லையென்றால், கீழே எண்தள விசை வரும் இடங்களில் என்விடிஏவின் லேப்டாப் விசை அமைப்புக்கு உரிய விசையைப் பயன்படுத்துங்கள். எந்த விசை என்ன செய்யும் என்ற ஐயம் வந்தால் என்விடிஏ+1 (என்விடிஏ விசை என்பது பொதுவாக இன்சர்ட்) அழுத்திவிட்டு அந்த விசையைத் தொட்டால் போதும், அதன் வேலை என்னவென்று சொல்லும். மீண்டும் என்விடிஏ+1 அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

2. முதலில் குரலைச் சரிசெய்யுங்கள்

பல ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் வாய் திறக்காமல் தாண்டிவிடும். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் அந்த இடமே காலியாக இருப்பதுபோல் கேட்கும். புதியவர்கள் பலர் இதைக் கேட்டு, டேக் (பாடல் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் விவரம்) இல்லையென்று நினைத்து, இருக்கும் சரியான டேக்கின் மேலேயே வேறொன்றை எழுதிவிடுகிறார்கள்.

எம்பி3டேக்கைத் திறந்து அதில் இருக்கும்போதே என்விடிஏ+கன்ட்ரோல்+பி அழுத்துங்கள். அமைப்புச் சுயவிவரங்களுக்கான உரையாடல் பெட்டி வரும். புதியது என்பதை அழுத்தி, ‘தற்போதைய நிரல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு என்விடிஏ+கன்ட்ரோல்+எஸ் வழியாக ஈஸ்பீக் குரல்பொறியையும், குரல் அமைப்பில் தமிழையும் வையுங்கள். ஈஸ்பீக்கின் தமிழ்க் குரல் ஆங்கிலச் சொற்களையும் வாசித்துவிடும், ஆகவே இரண்டும் கலந்த டேக்குகளுக்கு அது போதும். உச்சரிப்பு இனிமையாக இராது. இந்த வேலைக்கு இனிமையைவிட எதையும் விழுங்காமல் வாசிப்பதுதான் முக்கியம். ஃபூபாருக்கும் இதேபோல் ஒரு சுயவிவரம் உண்டாக்குங்கள். இவை அந்தந்த நிரலில் மட்டும் இயங்கும், மற்ற இடங்களில் உங்கள் வழக்கமான குரலே பேசும்.

அடுத்தது நிறுத்தற்குறி அளவு. என்விடிஏ+பி விசையை அழுத்த அழுத்த அளவு மாறும். எம்பி3டேக் சுயவிவரத்தில் ‘எல்லாம்’ என்ற நிலையில் நிறுத்துங்கள். புள்ளியும் காற்புள்ளியும் அடிக்கோடும் காதில் விழுந்தால்தான் பிழை தெரியும்.

பாட்டும் பேச்சும் மோதாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. என்விடிஏ+ஷிஃப்ட்+டெல்லி-டி அழுத்தினால், பேச்சு வரும்போது பாட்டு தணியும் முறைகள் மாறிமாறி வரும். இதைவிட நல்ல வழி, ஃபூபாரின் பிரிஃபரன்சஸில் பிளேபேக், அவுட்புட் பகுதிக்குப் போய்ப் பாட்டை ஸ்பீக்கருக்கு அனுப்பி, என்விடிஏ பேச்சை ஹெட்ஃபோனுக்கு அனுப்புவது. வீட்டில் மற்றவர்களும் பாட்டு கேட்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் இது நிம்மதி.

3. மூன்று கோப்புறைகள்

விண்டோஸ் இருக்கும் சி டிரைவைத் தவிர்த்து வேறொன்றில் ‘வரவு’, ‘வேலை’, ‘நூலகம்’ என்று மூன்று கோப்புறைகள் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவை வரவில் விழும். ஒரு முறைக்கு ஒரு படம் அல்லது ஒரு கச்சேரியை மட்டும் வேலைக்கு மாற்றுங்கள். எல்லாம் சரியான பிறகே அது நூலகத்துக்குள் நுழையும்.

கண்ணால் பார்ப்பவர் ஆயிரம் வரிகளை ஓட்டிப் பார்த்து விடுபட்டதைப் பிடித்துவிடலாம். காதால் ஒரு நேரத்தில் ஒரு வரிதான் கேட்க முடியும். பன்னிரண்டு கோப்புகள் மட்டும் உள்ள இடத்தில் ஒரு தவறு நடந்தால் பன்னிரண்டோடு நின்றுவிடும்.

கோப்புறைப் பெயர்களைச் சிறியதாக வையுங்கள். விண்டோஸில் பல நிரல்கள் முழுப் பாதையும் சேர்த்து 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பாடகர் நால்வர் பெயரும் படப் பெயரும் சேர்ந்தால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும்.

4. பெயர்ப் பட்டியல் கோப்பு

நோட்பேடில் ஒரு கோப்பு தொடங்குங்கள். ஒரு வரிக்கு ஒரு பெயர்: இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர், நீங்கள் பயன்படுத்தப்போகும் இசை வகை. ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் எழுத்துவடிவம். இனிமேல் எந்தப் பெயரையும் டேக்கில் தட்டச்சு செய்யக் கூடாது, இங்கிருந்து நகலெடுத்து ஒட்ட வேண்டும். இந்தப் படியைத் தேவையற்றதென்று விடுபவர்கள்தான் பின்னால் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

தமிழில் எழுதுவதா, ஆங்கில எழுத்திலா என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள். ‘காதல்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள், தமிழில் ஒன்றுதான். தேடுவதற்குத் தமிழே நம்பகமானது. ஆனால் காரில் உள்ள பழைய பிளேயரில் பென் டிரைவைச் செருகுவது உங்கள் வழக்கமென்றால் பல கருவிகள் தமிழைக் காட்டாது, அப்போது ஆங்கிலம்தான் வழி. எதுவானாலும் பாதி அது, பாதி இது என்று கலக்காதீர்கள்.

திரைப்பாடல்களுக்கு எந்தப் பெயர் எந்தப் புலத்தில் (டேக்கில் ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள தனி இடத்தில்) போக வேண்டும் என்பதையும் கோப்பின் தலையில் எழுதிவையுங்கள். ஆல்பம் என்பது படத்தின் பெயர். ஆர்ட்டிஸ்ட் என்பது அந்தப் பாட்டைப் பாடியவர். கம்போசர் இசையமைப்பாளர். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் புலத்திலும் இசையமைப்பாளரையே போடுங்கள். இதைக் காலியாக விட்டால், ஆறு பாட்டை ஆறு பேர் பாடிய படம், பல பிளேயர்களில் ஆறு தனித்தனித் தொகுப்புகளாகச் சிதறும். தொகுப்பு உடைந்துபோகும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு புலமே காரணம்.

ஆண்டும் கட்டாயம். ‘பில்லா’ 1980இலும் வந்தது, 2007இலும் வந்தது. ஆல்பம் பெயரிலேயே ஆண்டைச் சேர்த்துவிட்டால் இரண்டும் கலக்காது.

5. எம்பி3டேக்கில் ஒரு முறை செய்யும் அமைப்புகள்

டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் டேக்ஸ், அதற்குள் எம்பெக். எழுதும் பகுதியில் ஐடி3வி2 மட்டும் இருக்கட்டும், வடிவம் 2.3, யுடிஎஃப்-16. பழைய ஐடி3வி1 வடிவத்தில் தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம், தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. அதில் தமிழை எழுதினால் கேள்விக்குறிகள் மட்டும் மிஞ்சும்.

வியூ மெனுவில் நெடுவரிசைகளை மாற்றும் இடத்துக்குப் போய் டிராக் எண், தலைப்பு, ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், ஆண்டு என்ற வரிசையில் மேலே கொண்டுவாருங்கள். கோடெக், பிட்ரேட் போன்றவற்றைக் கீழே தள்ளுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். என்விடிஏ வரியை இந்த வரிசைப்படிதான் வாசிக்கும். தேவையானது முதல் இரண்டு நொடிக்குள் வந்துவிட்டால் கன்ட்ரோலை அழுத்திப் பேச்சை நிறுத்தி அடுத்த வரிக்குப் போகலாம்.

6. டேக் திருத்துவது

ஃபூபாரில் பாட்டு ஓடினால் நிறுத்திவிடுங்கள். வேறு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பில் எழுத முடியாமல் போகலாம்.

கன்ட்ரோல்+டெல்லி-டி அழுத்தி வேலைக் கோப்புறையைத் திறங்கள். உடனே என்விடிஏ+எண்ட் அழுத்தி நிலைப்பட்டையைக் கேளுங்கள். லேப்டாப் அமைப்பில் இது என்விடிஏ+ஷிஃப்ட்+எண்ட். எத்தனை கோப்புகள் தெரிவாகியிருக்கின்றன என்று சொல்லும். கோப்புறை திறந்த கையோடு எல்லாக் கோப்புகளுமே தெரிவாகி நிற்கலாம். ஒரு பாட்டைத் திருத்துவதாக நினைத்துப் பன்னிரண்டு பாட்டுக்கும் ஒரே தலைப்பைக் கொடுத்துவிடுவது இங்கேதான் நடக்கிறது. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன் இந்த எண்ணைக் கேட்பதை விரல்களுக்குப் பழக்குங்கள்.

முதலில் பொதுவானவை. கன்ட்ரோல்+ஏ அழுத்தி அனைத்தையும் தெரிவுசெய்து, டேப் விசையால் டேக் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு புலத்திலும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எல்லாக் கோப்பிலும் ஒரே மதிப்பு இருந்தால் அந்த மதிப்பு ஒலிக்கும். ஒன்றே ஒன்று மாறுபட்டாலும் ‘கீப்’ என்று ஒலிக்கும். ‘கீப்’ என்றிருக்கும் புலத்தைத் தொடாமல் விட்டால் பழையவை அப்படியே இருக்கும். ஆல்பம், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், கம்போசர், ஆண்டு நான்கையும் பெயர்ப் பட்டியலிலிருந்து ஒட்டி, கன்ட்ரோல்+எஸ். தலைப்பிலும் ஆர்ட்டிஸ்டிலும் இந்தக் கட்டத்தில் கை வைக்காதீர்கள்.

பிறகு ஒவ்வொரு கோப்பாக. பட்டியலுக்குத் திரும்பி, ஒரே ஒரு கோப்பில் நின்று தலைப்பையும் பாடகரையும் திருத்திச் சேமியுங்கள். சேமிக்காமல் அடுத்த கோப்புக்கு நகர்ந்தால் எழுதியது போய்விடலாம், எச்சரிக்கை ஒலியும் வராது. சேமித்தபின் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நகர்ந்து அந்த வரியைத் திரும்பக் கேட்டால் உறுதியாகிவிடும்.

டிராக் எண்கள் கடைசியில். கன்ட்ரோல்+கே தானியங்கி எண்ணிடலைத் திறக்கும். பட்டியல் இப்போது எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில்தான் எண் போடும், இசைத்தட்டின் வரிசை அதற்குத் தெரியாது. வரிசை வேறாக இருந்தால் எண்களைக் கையால் இடுவதே வேகம்.

இனி விளம்பரக் குப்பை. இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் கமென்ட், காப்பிரைட், என்கோடட் பை போன்ற புலங்களில் தளத்தின் பெயர் இருக்கும். ஆல்ட்+தமிழ்-டி அழுத்தினால் எல்லாப் புலங்களும் பட்டியலாக வரும், வேண்டாதவற்றை டெலிட் விசையால் நீக்கலாம். அட்டைப்படத்தையும் மறக்காதீர்கள். அதில் தளத்தின் விளம்பரம் இருந்தால் உங்கள் காதுக்கு எட்டாது, நீங்கள் பாட்டை அனுப்பும் நண்பரின் திரையில் பெரிதாகத் தெரியும். ஐயமிருந்தால் படத்தை நீக்கிவிடுவது நல்லது.

தலைப்பில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களுக்காக எழுதப்பட்ட பழைய தமிழாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம். பாட்டின் முதல் வரியைக் கேட்டுப் புதிதாக எழுதிவிடுங்கள்.

7. காதுக்கு எட்டாத வேறுபாடுகள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். சோதனை எளிது: ஒரே பெயர் இருக்க வேண்டிய கோப்புகள் அனைத்தையும் தெரிவுசெய்து அந்தப் புலத்துக்குப் போங்கள். பெயர் ஒலித்தால் எல்லாம் ஒன்று. ‘கீப்’ என்று ஒலித்தால், காதுக்கு எப்படிக் கேட்டிருந்தாலும், எங்கோ வேறுபாடு இருக்கிறது.

கடைசி இடைவெளி: பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். புலத்தில் எண்ட் விசையை அழுத்தி இடது அம்பை ஒரு முறை தட்டுங்கள். ‘ஸ்பேஸ்’ என்று வந்தால் அழியுங்கள்.

முதலெழுத்துகள்: எம்.எஸ். என்பதற்கும் எம் எஸ் என்பதற்கும் எம்.எஸ் என்பதற்கும் ஒலி ஒன்றே. நிறுத்தற்குறி அளவை ‘எல்லாம்’ என்று வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

ந, ன: ஈஸ்பீக் உட்படப் பல குரல்களில் இவை பிரித்தறிய முடியாத அளவுக்கு நெருங்கி ஒலிக்கும். ர, ற இரண்டும் அப்படித்தான். என்விடிஏ+மேல் அம்பை (லேப்டாப் அமைப்பில் என்விடிஏ+எல்) இரண்டு முறை விரைந்து அழுத்தினால் வரியை எழுத்தெழுத்தாகச் சொல்லும். அதிலும் ஐயம் தீராவிட்டால் பெயர்ப் பட்டியலிலிருந்து ஒட்டிவிடுங்கள்.

ஒகரக் குறி: இது மிக நுட்பமான பொறி. ‘கொ’வில் உள்ள குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். வெவ்வேறு தட்டச்சு மென்பொருள்கள் வெவ்வேறு விதமாக எழுதுகின்றன. பார்ப்பவருக்கும் வேறுபாடு தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. அந்த எழுத்தின் மேல் நின்று எண்தளத்தின் 2ஐ விரைந்து மூன்று முறை அழுத்தினால் குறியீட்டு எண்ணை என்விடிஏ சொல்லும். 3018 என்றால் ஒரே குறியீடு. 3014, 3006 என்றால் இரண்டாகப் பிரிந்தது. தட்டச்சு செய்யாமல் ஒரே கோப்பிலிருந்து ஒட்டுபவருக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை.

8. கோப்புக்குப் பெயரிடுவது

டேக் சரியான பிறகுதான் இது. கோப்புப் பெயர் டேக்கிலிருந்து உருவாகிறது. முதலில் பெயரிட்டால் ஒவ்வொரு டேக் திருத்தத்துக்கும் மறுபடி பெயரிட வேண்டியிருக்கும்.

அனைத்தையும் தெரிவுசெய்து ஆல்ட்+1 அழுத்துங்கள். வடிவச் சரம் கேட்கும். சதவீதக் குறி, டிராக் என்ற ஆங்கிலச் சொல், சதவீதக் குறி, ஓர் இடைவெளி, மீண்டும் சதவீதக் குறி, டைட்டில் என்ற ஆங்கிலச் சொல், சதவீதக் குறி. இவ்வளவு போதும். 1, 10, 2 என்று கோப்புகள் தாறுமாறாக அடுக்கப்படாமல் இருக்க எண்ணை இரண்டு இலக்கமாக்க வேண்டும். டிராக் பகுதிக்குப் பதிலாக இதை எழுதுங்கள்: டாலர் குறி, என், யு, எம் என்ற மூன்று சிறிய எழுத்துகள், திறக்கும் அடைப்பு, முன்புபோல் சதவீதக் குறிகளுக்கு நடுவே டிராக், காற்புள்ளி, 2, மூடும் அடைப்பு.

அதே பெட்டியில் முன்னோட்டம் இருக்கும், டேப் அழுத்தி அதைக் கேட்டுவிட்டு ஓகே கொடுங்கள். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு போன்றவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிக்காது. எம்பி3டேக் அவற்றைத் தானே விலக்கிவிடும், டேக்கில் அவை அப்படியே இருக்கும். முடிந்ததும் அந்தப் படத்தின் கோப்புறையை நூலகத்துக்கு நகர்த்துங்கள்.

9. ஃபூபாரில் தொகுப்பைச் சேர்ப்பது

முதலில் கேட்கும் தோற்ற அமைப்பில் எளிமையான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அலங்காரத் தோலெதுவும் வேண்டாம். கன்ட்ரோல்+பி, மீடியா லைப்ரரி, மியூசிக் ஃபோல்டர்ஸ். அங்கே நூலகம் கோப்புறையை மட்டும் சேருங்கள். வரவையும் வேலையையும் சேர்த்தால் அரைகுறைப் பாட்டெல்லாம் தேடலில் வந்து நிற்கும்.

லைப்ரரி மெனுவில் ஆல்பம் லிஸ்ட் ஒரு மரப்பட்டியலாக வரும். வலது அம்பு விரிக்கும், இடது அம்பு சுருக்கும், என்டர் பிளேலிஸ்டுக்கு அனுப்பும். ஆர்ட்டிஸ்ட் வாரியான காட்சியில் கீழ் அம்பால் மெதுவாக இறங்கிக் கேளுங்கள். அடுத்தடுத்து ஒரே பெயர் இரண்டு முறை ஒலித்தால் ஏழாம் படியில் ஒன்று தப்பியிருக்கிறது. அந்தக் கோப்புகளை எம்பி3டேக்கில் திறந்து சரிசெய்துவிடலாம்.

விடுபட்ட டேக்குகளைத் தேடலே கண்டுபிடித்துத் தரும். லைப்ரரி தேடலில் கம்போசர், இடைவெளி, மிஸ்ஸிங் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். மிஸ்ஸிங் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சிறிய எழுத்தில் எழுதினால் அதைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும்.

பாட்டு ஓடும்போது கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் மீதி நேரத்தையும், ஈ கடந்த நேரத்தையும், தமிழ்-டி மொத்த நேரத்தையும் சொல்லும். இவை என்விடிஏ தருபவை. ஃபூபாரின் நிலைப்பட்டை வடிவத்தை மாற்றினால் வேலை செய்யாது.

10. ஒலி அளவைச் சமன் செய்வது

பழைய பதிவு மெதுவாகவும் புதியது உரக்கவும் இருந்தால், உரத்த பாட்டு தொடங்கியதும் திரைவாசிப்பானின் குரல் முழுகிப்போகும். சத்தத்தைக் குறைக்க எந்த விசை என்று கேட்கவே முடியாத நிலை. ஆகவே இதை விருப்பப் படியாக நினைக்க வேண்டாம்.

பாட்டுகளைத் தெரிவுசெய்து அப்ளிகேஷன் விசை, ரீப்ளே கெய்ன், ஆல்பங்களாக ஸ்கேன் செய்வது. முடிவை டேக்கில் எழுதச் சம்மதியுங்கள். ஒலிப்பதிவை இது மாற்றுவதில்லை, எவ்வளவு ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்ற எண்ணை மட்டுமே குறித்துவைக்கிறது. பிறகு பிரிஃபரன்சஸில் பிளேபேக் பகுதியில் ரீப்ளே கெய்னை இயக்குங்கள். பல படப் பாட்டுகளைக் கலந்து கேட்பவர் டிராக் முறையையும், ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்பவர் ஆல்பம் முறையையும் வைப்பது நல்லது. ஸ்கேன் மட்டும் செய்துவிட்டு இயக்க மறப்பவர்கள் நிறைய.

11. பிளேலிஸ்டும் காப்பு நகலும்

சாதாரண பிளேலிஸ்ட் கோப்பின் பாதையை நினைவில் வைக்கிறது. எம்பி3டேக்கில் கோப்பின் பெயரை மாற்றினால் பிளேலிஸ்டில் உள்ள அந்த வரி செத்துவிடும். எடிட் மெனுவில் இறந்த வரிகளை நீக்கும் கட்டளை உண்டு, ஆனால் அது புதிய பெயரைத் தேடித் தராது. பெயரிடும் வேலையெல்லாம் முடிந்த பிறகு பிளேலிஸ்ட் தொடங்குவது இதனால்தான். தேடல் முடிவிலிருந்து ஆட்டோபிளேலிஸ்ட் உருவாக்கினால் இந்தச் சிக்கல் இல்லை, அது டேக்கைப் பார்த்துத் தன்னையே புதுப்பித்துக்கொள்ளும்.

வேறு கணினிக்கோ கைபேசிக்கோ கொண்டுபோக பிளேலிஸ்டைச் சேமிக்கும்போது எம்3யு8 வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் முடிவில் உள்ள 8, யுடிஎஃப்-8ஐக் குறிக்கும், தமிழ்ப் பெயர்கள் சிதையாது. ஃபூபாரின் சொந்த வடிவமான எஃப்பிஎல் மற்ற பிளேயர்களில் திறக்காது.

நூலகம் கோப்புறை, பெயர்ப் பட்டியல் கோப்பு, எம்3யு8 கோப்புகள் மூன்றையும் மாதம் ஒரு முறை வெளிப்புற டிஸ்க்குக்கு நகலெடுங்கள். திருத்தத்துக்கு முன் எடுத்த முதல் நகலை உடனே அழிக்காதீர்கள். நகலெடுத்த பிறகு டிஸ்க்கில் இருந்தே இரண்டு மூன்று பாட்டுகளை ஓட்டிப் பாருங்கள், கோப்புறையின் பண்புகளில் கோப்பு எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றா என்று கேளுங்கள். ஆல்ட்+என்டர் அழுத்தினால் பண்புகள் வரும், எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே கேட்டால் தவறாகத் தெரியும், ஆகவே சில நொடி பொறுத்து டேப் விசையால் அந்த வரிக்குப் போய்க் கேளுங்கள்.